எட்டுக் காதுகளின் சாட்சி

“ஒயருக்கும் நமஸ்காரம் பண்ணணுமா மாமா, இல்ல ஸ்பீக்கருக்கு மட்டும் பண்ணினா போறுமா?”

கேட்டவன் விச்சு. கேட்டிருக்கக் கூடாது என்பது கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவன் வாய்க்கு அப்படி ஒரு கெட்ட பழக்கம். மூளையிடம் அனுமதி வாங்காமலே கிளம்பிவிடும்.

பக்கத்தில் நின்ற ஹாஜிரா அவன் காலை மிதித்தாள். கோந்த்வாவில் ‘ஹாஜிரா துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டி, மாப்பிள்ளை வீட்டார் யோக்கியதையைத் தோண்டித் துருவி எடுப்பதில் பெயர் வாங்கியவள் அவள். மேலப்பாளையத்துக் குடும்பம். புனேவுக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் நாக்கில் திருநெல்வேலி அப்படியே இருந்தது. உதவியாளனை மிதிப்பதற்கென்றே அவள் கனமான செருப்பு வாங்குகிறாள் என்பது விச்சுவின் சந்தேகம். இன்றைக்குச் செருப்பு வாசலில் கிடந்ததால் வலி கொஞ்சம் கம்மி.

விச்சுவை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஹடப்சரில் ஒன்பதாம் மாடி ஃப்ளாட்டில் ஜெகதீசன் தன் பாட்டு அறையை வைத்திருந்த லட்சணம் அப்படி. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. நடுவில் ஒரே ஒரு சாய்வு நாற்காலி. கட்டின மனைவிக்குக்கூட இன்னொரு நாற்காலி கிடையாது. எதிரே ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு. அவற்றுக்கு நடுவே இரண்டு பெட்டிகள். ஒன்று இணையத்திலிருந்து பாட்டை எண்களாக இறக்கும், மற்றது அந்த எண்களை ஒலியாக மாற்றும். இரண்டையும் இணைத்தது கருநீலப் பின்னல் உறை போட்ட ஒரு கேபிள். அது தரையில் படக்கூடாதாம், பட்டால் தரையின் அதிர்வு ஏறிவிடுமாம். அதனால் குட்டிக் குட்டித் தேக்கு மணைகளின்மேல் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரு ஸ்கூட்டர் வாங்கும் காசு அதில் போயிருந்தது.

“இது போலி,” என்றார் ஜெகதீசன். வங்கியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கடன் கேட்டு வந்தவர்களைப் பார்த்த அதே பார்வையை இன்னும் கழற்றி வைக்கவில்லை. “ஒரிஜினலை இவன் எடுத்துண்டு, இதை மாட்டிட்டுப் போயிட்டான்.”

இவன் என்றது இர்பானை. கதவோரம், இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றிருந்தான். ஆடியோ கடையில் சர்வீஸ் பையன். கோந்த்வாவில் ஹாஜிரா இருக்கும் அதே தெரு; அவன் கூப்பிட்டுத்தான் அவள் வந்திருந்தாள். மஸ்கட்டில் வேலை உறுதியாகி, போலீஸ் கொடுக்கும் நன்னடத்தைச் சான்றிதழுக்காகக் காத்திருந்தான். அந்த நேரம் பார்த்துத்தான் இந்த ஏழரை. ஜெகதீசன் ஸ்டேஷனில் ஒரு புகார் எழுதிக் கொடுத்தால் போதும், சான்றிதழும் போச்சு, மஸ்கட்டும் போச்சு, இங்கே இருக்கிற வேலையும் போச்சு.

“நான் எடுக்கல லாத்தா,” என்று அவன் ஹாஜிராவைப் பார்த்துச் சொன்னான். அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள் அவர்கள் வீட்டில். “சத்தியமா, கசம் சே. வேணும்னா வீட்ட வந்து தேடச் சொல்லுங்க.”

“நீ சும்மா இருல. சார் சொல்லட்டும்.” ஹாஜிரா ஜெகதீசன் பக்கம் திரும்பினாள். “போலின்னு எப்படித் தெரிஞ்சுது சார்?”

“காதால.”

“உறை வேறயா?”

“உறை அதேதான். பிளக்கும் அதேதான். கெட்டிக்காரன், வெளியில ஒண்ணும் தெரியாதபடி பண்ணியிருக்கான். ஆனா என் காதை ஏமாத்த முடியுமோ? வெள்ளிக்கிழமை ராத்திரி வரைக்கும் ஜால்ரா தனியா, மிருதங்கம் தனியா, பாடறவ மூச்சு தனியா கேட்டுண்டிருந்தது. நேத்துக் காலையில இவன் வந்தான். வால்யூம் குமிழ் கரகரங்கறதுன்னு நான்தான் கூப்பிட்டேன். எல்லா ஒயரையும் கழட்டினான், மாட்டினான், போனான். மத்தியானம் நான் பாட்டைப் போட்டா, அத்தனை பேரும் கம்பளியைப் போத்திண்டு பாடறா.”

விச்சுவால் அடக்க முடியவில்லை. கட்கியில் பிறந்து, இதே ஹடப்சரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் குப்பை கொட்டி, ஆட்குறைப்பில் வெளியே வந்தவன் அவன். இந்த ஒரு விஷயமாவது தனக்குத் தெரியும் என்று நினைத்தான்.

“மாமா, அந்த ஒயர்ல போறது வெறும் ஒண்ணும் பூஜ்யமும்தானே? நடுவுல தொலைஞ்சா பாட்டு நின்னு போகும், இல்ல டப் டப்னு வெட்டும். கம்பளி எப்படிப் போத்திக்கும்? எங்க கம்பெனியில சம்பளத்தையும் கேபிள்லதான் அனுப்பினா. மட்டமான ஒயர்ங்கறதுக்காக யாருக்கும் சம்பளம் மங்கலா வந்து சேர்ந்ததில்லை.”

“பூஜ்யத்துலயும் உசத்தி மட்டம் உண்டு,” என்றார் ஜெகதீசன், சற்றும் சிரிக்காமல். “நோக்குப் புரியாது. நான் மட்டும் சொல்லலை. நேத்து சாயங்காலம் எங்க ரசிகர் கிளப்லேர்ந்து மூணு பேர் வந்து கேட்டா. மூணு பேருமே போலின்னுட்டா. என்னையும் சேர்த்து எட்டுக் காது. கோர்ட்டுல ஒரு கண்ணு சாட்சி இருந்தாலே தண்டனை. இப்ப பதினோரு மணிக்கு வரா. நேரே ஸ்டேஷனுக்குத்தான்.”

“அவங்க கேக்குறதுக்கு முன்னாடி போலின்னு சொன்னீங்களா, கேட்டப்புறம் சொன்னீங்களா?” என்றாள் ஹாஜிரா.

“முன்னாடியேதான். விஷயம் தெரியாம எப்படிக் கேக்கறது?”

“சரிதான்,” என்றாள் அவள். அவள் ‘சரிதான்’ என்றால் ஒன்றுமே சரியில்லை என்று அர்த்தம். விச்சுவுக்குத் தெரியும்.

அவள் அறையைச் சுற்றி நடந்தாள். ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, பெட்டிகளைப் பார்க்கவில்லை. நாற்காலியின் தலைப்பக்கம் விரித்திருந்த வெள்ளைத் துண்டிடம் போய் நின்றாள். நடுவில் வட்டமாக ஒரு கறை. விரலால் தொட்டு முகர்ந்தாள்.

“நல்லெண்ணெய்.”

“ஆமாம். அதுக்கென்ன இப்போ?”

“வாரா வாரம் எண்ணெய்க் குளியலா சார்?”

“அதெல்லாம் விட்டு எத்தனையோ வருஷமாச்சு. இந்த அக்டோபர் வெயில்ல கண்ணு எரிச்சல். நேத்து சனிக்கிழமையா இருக்கேன்னு ஆத்துல சூடா காய்ச்சித் தேய்ச்சு விட்டா. கேபிள் திருட்டைப் பத்திக் கேக்க வந்தேளா, என் ஸ்நானத்தைப் பத்திக் கேக்க வந்தேளா?”

“இர்பான் கிளம்பினப்புறமா குளிச்சீங்க?”

“ஆமாம். குளிச்சு, சாப்பிட்டு, வந்து உக்காந்தேன்.”

“காதுலயும் ஊத்துனாங்களா?”

“சாஸ்திரத்துக்கு ரெண்டு ரெண்டு சொட்டு.”

அப்போதுதான் விச்சுவுக்கு அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. வந்ததிலிருந்து அது அவன் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தது. ஊசியால் குத்துவது போல ஒரு ‘கீச்’. சற்று நேரம் சும்மா இருக்கும், மறுபடி ‘கீச்’. தன் கைப்பேசியோ என்று இரண்டு முறை எடுத்துப் பார்த்துவிட்டான். அலமாரிக்குப் பின்னால், இணைய இணைப்புக்கு வைத்திருந்த யு.பி.எஸ். பெட்டி, பாட்டரி செத்துக்கொண்டிருக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தது.

ஹாஜிராவும் அதைத்தான் பார்த்தாள். குரலை மாற்றாமல் கேட்டாள்.

“சார், உங்க காது அவ்வளவு நுட்பமுன்னு சொல்லுதீங்க. கண்ண மூடிட்டுச் சொல்லுங்க. இப்ப இந்த ரூம்ல என்ன கேக்குது?”

ஜெகதீசனுக்குப் பெருமை தாங்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து, விரல்களைக் கோத்துக்கொண்டு, கண்ணை மூடினார்.

கீச்.

“நிசப்தம்,” என்றார்.

கீச்.

“பரிபூர்ண நிசப்தம். இந்த ரூமை நான் கட்டினதே அதுக்குத்தான். குண்டூசி விழுந்தாலும் கேக்கும்.”

கீச்.

விச்சு வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான். தோள் குலுங்குவதை மறைக்க முடியவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி ஆனந்தவல்லி மாமியின் குரல் வந்தது.

“ஏன்னா, காலம்பறலேர்ந்து அந்தப் பெட்டி கத்தறதே, யாராவது நிறுத்தப்படாதா?”

ஜெகதீசன் கண்ணைத் திறந்தார். “எந்தப் பெட்டி?”

ஹாஜிரா அவர் கையைப் பிடித்து அலமாரிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், காதை அந்தப் பெட்டியோடு ஒட்டி வைத்தாள். அடுத்த கீச்சுக்கு அவர் முகம் சுண்டிப் போயிற்று.

“சூடான எண்ணெய் உள்ள போயி, இருந்த அழுக்கு ஊறி அடைச்சிருக்கு சார். பேச்செல்லாம் கேக்கும். கீச்சுக் குரல், ஜால்ரா, இதெல்லாம்தான் போயிரும். உங்க கேபிள யாரும் மாத்தல. காது டாக்டர்ட்ட போயிட்டு வாங்க, கேபிள் சரியாயிரும்.”

“அந்த மூணு பேர்?” என்றார் ஜெகதீசன். குரல் இறங்கியிருந்தது.

“போலின்னு சொல்லி வச்சுக் கேக்கச் சொன்னீங்க. ஊரே கூடி நல்லாருக்குன்னு சொல்ற பொண்ணையும் இப்படித்தான் ஒருத்தன் ‘மூக்கு கோணலோ’ன்னு கிளப்பிவிட்டா, வந்த அத்தன பேருக்கும் கோணலாத் தெரியும். நான் தெனம் பாக்குற கேஸு இது.”

இர்பான் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டான். இத்தோடு விவகாரம் முடிந்தது, மதியச் சாப்பாட்டுக்குக் கோந்த்வா போய்விடலாம் என்று விச்சு கணக்குப் போட்டான். அவன் போட்ட கணக்கு எது பலித்திருக்கிறது?

தோற்ற மனுஷனைத் தோற்றபடி விட்டுவிட வேண்டும். விச்சு விடவில்லை.

“கோர்ட்டுல எட்டுக் காதுல ரெண்டு காது எண்ணெயில ஊறிண்டிருந்ததுன்னு எழுதிப்பாளா மாமா?”

ஜெகதீசனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “வாயை மூடு. காதுல எண்ணெயாவே இருக்கட்டும். இது ஒரிஜினல்னு நீ எப்படிச் சொல்றே? ஒரிஜினலுக்கு உள்ள வெள்ளைத் தோல், அதுக்குள்ள வெள்ளிக் கம்பி. கடைக்காரன் காட்டித்தான் வித்தான். உறையைப் பிரிச்சா வாரண்டி போயிடும்னுதான் தொடாம இருந்தேன். போனா போறது.”

பிளேடை எடுத்தார். பிளக்கின் கழுத்தில் இருந்த ரப்பர் வளையத்தைக் கீறினார். கருநீல உறையைப் பின்னுக்குத் தள்ளினார்.

உள்ளே வெள்ளையும் இல்லை, வெள்ளியும் இல்லை. மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து டி.வி.க்கு இழுப்பார்களே, அந்தச் சாதாரணக் கறுப்பு ஒயர்.

யு.பி.எஸ். மட்டும் ஒரு தடவை கீச்சென்றது.

“இப்ப சொல்லுங்கோ,” என்றார் ஜெகதீசன். எழுந்து நின்ற தோரணையில் பத்து வயசு குறைந்துவிட்டது அவருக்கு. “காதுல எண்ணெயா, கேபிள்ல களவா? எண்ணெய் ஊத்தினப்புறமும் கண்டுபிடிச்ச காது இது.”

இர்பான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பையனைக் காப்பாற்ற வந்த விச்சு, தன் திருவாயால் அவனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டான். தன் நாக்கைப் பிடுங்கி அந்தத் தேக்கு மணைமேல் வைத்துவிடலாமா என்றிருந்தது அவனுக்கு.

ஹாஜிரா மட்டும் அசையவில்லை. குனிந்து, உறையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோனாள். ரப்பர் வளையத்துக்கு அடியில் மறைந்திருந்த ஓரம் அது. பின்னல் பிரியாமல் இருக்க யாரோ உள்பக்கமாக மடித்து, கருநீல நூலால் பொடிப் பொடியாகத் தைத்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு தையல்கூடத் தெரியாது.

“இர்பான், உனக்குத் தைக்கத் தெரியுமால?”

“பட்டன்கூட உம்மாதான் தச்சுத் தருவாங்க லாத்தா.”

“சார், இவன் நேத்து எவ்வளவு நேரம் இருந்தான்? நீங்க கூடவே இருந்தீங்களா?”

“அரை மணி இருக்கும். நடுவுல ஒரு போன் வந்து பால்கனிக்குப் போனேன். அதுக்குள்ள மாத்தியிருக்கான்.”

“ஒரு போன் பேசுற நேரத்துல பிளக்கக் கழட்டி, ஒயர உருவி, வேற ஒயரக் கோத்து, ஓரம் மடிச்சு, நூல் நெறம் பாத்துத் தச்சு, வளையம் போட்டு முடிச்சிட்டானாக்கும். மஸ்கட்டுக்கு எதுக்கு இவன் போகணும், எங்க தெருவுலேயே டைலர் கடை போட்டுக் கொடுக்கேன்.” உறையைக் கீழே வைத்தாள். “இது சேலைக்கு ஃபால் தைக்கிற தையல். சாவகாசமா உக்காந்து தச்சது. விச்சு, கூட வா. தண்ணி குடிச்சிட்டு வருவோம்.”

சமையலறை ஜன்னலோரம் புடவைகள் மலைபோலக் குவிந்திருந்தன. ஊசி, நூல்கண்டு வரிசை, ஊக்குச் சரம். அந்தக் கட்டடத்தில் யார் புதுப்புடவை வாங்கினாலும் ஃபால் தைக்க இங்கேதான் வரும்போல. ஆனந்தவல்லி மாமி கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்த இலையைக் குப்பையிலும் காம்பைப் பாத்திரத்திலும் போட்டுக்கொண்டிருந்ததை விச்சு கவனித்தான்.

“ஃபால் ரொம்ப அழகாத் தைக்கிறீங்க மாமி,” என்றாள் ஹாஜிரா. “ஒயருக்கும் தைப்பீங்களோ?”

மாமி கையிலிருந்த கட்டு நழுவியது. மறுக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினாள்.

“மழை ஆரம்பிச்ச சமயம். இவர் சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அந்த ரூமைப் பெருக்கறச்சே மணையில துடைப்பம் சிக்கிண்டு இழுத்தேன், பிளக்கு கையோட வந்துடுத்து. எனக்கு உசிரே போயிடுத்து. இவர் அதைக் குழந்தை மாதிரி வெச்சிண்டிருக்கார். ஒயர் கடையெல்லாம் இருக்கே, அந்த டப்கீர் கல்லிக்கு ஓடினேன். கடைக்காரன் பாத்துட்டு, உள்ள கம்பி அறுந்துடுத்து, இந்த ஒயரும் அதே வேலையைத்தான் செய்யும்னு கறுப்பா ஒண்ணைக் குடுத்தான். பாவாடைக்கு நாடா கோக்கறதில்லையா, அப்படித்தான். ஊக்கைக் குத்தி அந்த நீல உறைக்குள்ள இழுத்தேன். ஓரம் பிரிஞ்சுது, தைச்சேன். திரும்பக் கடைக்குக் கொண்டுபோனேன், பழைய பிளக்கை அவனே மாட்டி, வளையமும் போட்டுக் குடுத்துட்டான்.”

“சாருக்குத் தெரியலையா?”

“வந்த அன்னிக்கே கண்டுபிடிச்சுக் கத்தப்போறார்னு வாசப்படியிலேயே நின்னேன். பாட்டைப் போட்டார். கண்ணை மூடிண்டார். என்னைக் கூப்பிட்டார். ‘ஆனந்தா, இன்னிக்குத்தான் இந்தக் கேபிள் பக்குவத்துக்கு வந்திருக்கு. ஓட ஓடத்தான் திறந்துக்கும்னு கடைக்காரன் சொன்னானே, கேட்டியா, எப்படித் திறந்துண்டிருக்கு’ன்னார். கிளப்புல எல்லாருக்கும் எழுதி வேற அனுப்பினார். நான் எந்த வாயால சொல்லுவேன்?”

விச்சு வெடித்துச் சிரிக்க வாயெடுத்தான். மாமி கண்ணில் நீர் வழிவதைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

“அந்தப் பையன் நேத்துக் கையைக் கும்பிட்டுண்டு நின்னான்மா. அப்பவே சொல்லியிருக்கணும். இவர் ஆறிடுவார், விட்டுடுவார்னு நெனைச்சேன். போலீஸ் வரைக்கும் போவார்னு நெனைக்கலை.”

“இவருக்குக் கோவம் வரும்னு நீங்க பயந்தீங்க,” என்றாள் ஹாஜிரா. குரலில் இரக்கம் இல்லை. “அவனுக்கு வாழ்க்கையே போகப் பாத்துச்சு. நான் போயிச் சொன்னா என் கெட்டிக்காரத்தனம். நீங்க சொன்னாத்தான் அது உண்மை. எந்திரிங்க மாமி.”

மாமி எழுந்தாள். அறை வாசலில் நின்று, தரையைப் பார்த்தபடி, கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டப்கீர் கல்லி, கறுப்பு ஒயர், பாவாடை நாடா, ஊக்கு. கேட்கக் கேட்க ஜெகதீசன் கையிலிருந்த கேபிள் மெல்லக் கீழே இறங்கியது.

“அப்போ,” என்றார் கடைசியில், “திறந்துண்டதுன்னேனே, அது?”

பதில் சொல்ல ஆசைப்பட்ட ஒரே ஆளின் காலை ஹாஜிரா முன்னெச்சரிக்கையாக மிதித்துக்கொண்டிருந்தாள்.

வாசல் மணி அடித்தது. சாட்சிகள் வந்துவிட்டார்கள்.

மூன்று பேர். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற சுப்பையா முன்னால் வந்தார், மற்ற இருவரும் அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதற்கென்று பின்னால் வந்தார்கள். சுப்பையா இர்பானை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன சார், கிளம்பலாமா?”

ஜெகதீசன் முகம் வெளிறியிருந்தது. மனைவியைப் பார்த்தார். கையிலிருந்த ஒயரைப் பார்த்தார். அவசரமாக உறையை முன்னுக்கு இழுத்துவிட்டார். என்ன செய்யப் போகிறார் என்று விச்சுவுக்கு ஒரு நொடி முன்னதாகவே தெரிந்துவிட்டது.

“கேபிள் கிடைச்சுடுத்து,” என்றார் ஜெகதீசன். “ஒரிஜினல். புகார் வேண்டாம்.”

அதையே மாட்டினார். பாட்டைப் போட்டார். மூன்று பேரும் கண்ணை மூடினார்கள்.

“ஆஹா,” என்றார் சுப்பையா. “இதுல்லா ஒரிஜினல். ஜால்ரா எப்படிக் கணீர்னு விழுது பாத்தீங்களா? நேத்து வெறும் தகரம்.”

“பாடற அம்மா மூச்சு விடறதுகூடக் கேக்குது,” என்றார் இரண்டாமவர்.

“பாட்டோட மேடையே அகலமாயிருச்சு,” என்றார் மூன்றாமவர், பின்தங்கிவிடக் கூடாதே என்று.

விச்சுவுக்கு உள்ளே குமுறிக்கொண்டு வந்தது. சிரிப்பா கோபமா என்று அவனுக்கே தெரியவில்லை. சுப்பையா கண்ணைத் திறந்து, இர்பான் பக்கம் தாடையை ஆட்டினார்.

“பய பயந்து போயித் திருப்பிக் கொடுத்துட்டானாக்கும்?”

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இர்பான் ஜெகதீசனைப் பார்த்தான். ஹாஜிராவும் அவரைத்தான் பார்த்தாள். ஆம் என்று ஒரு தலையசைப்பு போதும். புகாரும் கிடையாது, அவர் காதின் மானமும் தப்பும். திருடித் திருப்பிக் கொடுத்தவன் என்ற பெயர் மட்டும் பையனோடு போகும். விச்சு வாயைத் திறக்கவில்லை. இந்தத் தடவை யாரும் காலை மிதிக்க வேண்டியிருக்கவில்லை.

மாமி ஓரடி உள்ளே வந்தாள். ஜெகதீசன் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

“அவன் எடுக்கலை,” என்றார். “யாருமே எடுக்கலை. நேத்து நீங்க தகரம்னதும் இதேதான், இப்ப கணீர்ங்கறதும் இதேதான். டிஷ் ஒயர். மழைக்காலத்துலேர்ந்து நான் கேட்டுண்டிருக்கறது இதைத்தான். எனக்கு இப்ப காது அடைச்சுண்டிருக்கு, ஜால்ரா சுத்தமாக் கேக்கலை. உங்களுக்குக் கேட்டுதே, அது எப்படின்னுதான் எனக்குப் புரியலை.”

சுப்பையா தொண்டையைச் செருமினார்.

“பேஸ் சத்தத்துல எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு,” என்றார்.

பின்னால் இருந்த இருவரும் தலையாட்டினார்கள்.

ஜெகதீசன் பாட்டை நிறுத்தினார். ஹாஜிரா கேட்காமலே கைப்பேசியை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, கடை முதலாளியைக் கூப்பிட்டார். தப்பு பையன் மேல் இல்லை, தன் மேல்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். முதலாளி வருத்தப்பட்டார். வருத்தம் முடிந்த கையோடு, பழசு அறுந்துவிட்டதே என்று கவலை வேண்டாம், இதைவிட உசத்தியாக ஒன்று இறங்கியிருக்கிறது, தங்க முலாம் என்றார்.

ஜெகதீசன் வாய் ‘அதுல என்ன விசேஷம்’ என்று கேட்கத் திறந்தே விட்டது. ஆனந்தவல்லி மாமி போனை வாங்கி அணைத்தாள்.

“அவ்வளவுதாம்ப்பா,” என்றார் ஜெகதீசன் இர்பானிடம். “மனசுல வெச்சுக்காதே. மஸ்கட் போறதுக்குள்ள ஒருநாள் வா. உக்காத்தி வெச்சு நல்ல பாட்டாப் போட்டுக் காட்டறேன்.”

இர்பான் தன் கருவிப் பையை எடுத்துக்கொண்டான்.

“கடைக்குச் சொல்லிட்டீங்க சார். இவங்களுக்கும் சொல்லிட்டீங்க. கேட்ல யாரு சொல்லுவா? நேத்து மத்தியானம் திரும்ப வரச் சொல்லி, அங்கதானே என் பையக் கொட்டச் சொன்னீங்க. வாட்ச்மேன், காய் வாங்க வந்தவங்க, இஸ்கூல் புள்ளைங்க, எல்லாரும் நின்னு பாத்தாங்க. உம்மா தந்த டிபன் டப்பாவ அந்த வாட்ச்மேன் திறந்து மோந்து பாத்தான். எனக்கு மஸ்கட்டவிட அதான் பெருசு.”

ஹாஜிரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கண் கலங்கி விச்சு அன்றுதான் பார்த்தான்.

ஜெகதீசன் செருப்பை மாட்டினார். இர்பான் கையிலிருந்து அந்தப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். கனம்தான். ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி லிஃப்டில் இறங்கினார். விச்சுவும் ஹாஜிராவும் பின்னாலேயே போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமையாதலால் கேட்டில் கூட்டம். வேலைக்காரர்களின் பையைச் சோதிக்காமல் வெளியே விடக்கூடாது என்பது நேற்றிலிருந்து புது உத்தரவு. பையைப் பார்த்ததும் வாட்ச்மேன் கையை நீட்டினான். பையைச் சுமப்பது யார் என்று பார்த்ததும் அதே கையை மடக்கி சல்யூட் அடித்தான்.

ஜெகதீசன் நின்றார். அவருடைய வங்கி இந்தி எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது. “சுனோ. இஸ்னே குச் நஹீ லியா. கல்தி மேரா தா.” பையன் எதையும் எடுக்கவில்லை, தப்பு தன்னுடையது என்று.

“ஜீ சாப்,” என்றான் வாட்ச்மேன். காய் வண்டிப் பக்கம் நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சொல்லி முடித்தும் ஜெகதீசன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். இர்பான் கிட்டே வந்து தன் பையை அவர் தோளிலிருந்து எடுத்துக்கொண்டான்.

“நேத்தும் இதே பைதான் சார்,” என்றான். “உங்க தோள்ல இருந்தா அவன் திறக்க மாட்டேங்குறான்.”

வண்டியை உதைத்துக் கிளப்பி, கோந்த்வா பக்கம் திருப்பினான்.